எந்த நிகழ்ச்சியைக் காட்டிப் புள்ளியியல் சொல்லிக்கொடுப்பது?

புள்ளியியலும் ஆராய்ந்து சிந்திக்கும் பழக்கமும் சொல்லிக்கொடுக்க டிவியைப் பயன்படுத்தலாம் என்று ஓர் ஆசிரியர் முடிவெடுத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அடுத்து வருவதுதான் கஷ்டமான கேள்வி: எதைக் காட்டுவது? செய்தியா, கேம் ஷோவா, கிரிக்கெட்டா, துப்பறியும் தொடரா, விளம்பரமா, இல்லை புள்ளியியலுக்கென்றே எடுத்த ஆவணப்படமா? எல்லாவற்றிலும் எண்கள் வருகின்றன. ஆனால் எல்லாம் ஒரே வேலையைச் செய்வதில்லை. வகுப்பு நேரமோ குறைவு. தேர்வு பிசகினால் பிள்ளைகள் நாற்பது நிமிடம் ரசித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் கற்காமல் எழுந்து போவார்கள்.

தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான். திரையில் சொன்ன முடிவை மாணவர்கள் தங்கள் கையாலேயே சோதித்துப் பார்க்க முடியுமா? அதற்கு வேண்டிய மூல எண்கள் நிகழ்ச்சியிலேயே கிடைக்கின்றனவா? கிடைத்தால் அது பாடத்துக்கு ஆகும். கிடைக்காவிட்டால், நிகழ்ச்சி எவ்வளவு சுவாரஸ்யமாக இருந்தாலும் அது பாடத்துக்கு முன்னால் ஓட்டும் டிரெய்லர்தான். சுவாரஸ்யம், நீளம், பிள்ளைகளுக்குப் பிடித்த முகம் எல்லாம் அப்புறம்தான். இந்த ஒரு அளவுகோலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சோதனை செய்து காட்டும் நிகழ்ச்சிகள்

என் முதல் தேர்வு இதுதான். காரணத்தை ஓர் உதாரணத்தோடு கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

'மித்பஸ்டர்ஸ்' என்ற அமெரிக்க நிகழ்ச்சி 2003-இல் தொடங்கியது. மக்கள் நம்பும் விஷயங்களைச் சோதனை செய்து உண்மையா பொய்யா என்று சொல்வார்கள். 2005-இல் வந்த ஒரு பகுதியில் அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி, கொட்டாவி தொற்றுமா என்பது. 50 பேர். அவர்களில் 34 பேருக்கு முன்னால் ஒருவர் கொட்டாவி விட்டுக் காட்டினார். மீதி 16 பேருக்கு அப்படி எதுவும் காட்டவில்லை. பிறகு எல்லோரையும் தனியே உட்கார வைத்துக் கேமராவில் கவனித்தார்கள். கொட்டாவியைப் பார்த்த 34 பேரில் 10 பேர் கொட்டாவி விட்டார்கள். பார்க்காத 16 பேரில் 4 பேர். அதாவது 29 சதவீதம், 25 சதவீதம். வித்தியாசம் இருக்கிறது, ஆகவே கொட்டாவி தொற்றும் என்பது உறுதி என்று நிகழ்ச்சி தீர்ப்புச் சொல்லிவிட்டது.

ஆசிரியர் செய்ய வேண்டியது, அந்தத் தீர்ப்பு வருவதற்குச் சற்று முன்னால் வீடியோவை நிறுத்துவது. நான்கு எண்களையும் பலகையில் எழுதி, "நீங்கள் என்ன சொல்வீர்கள்?" என்று கேட்க வேண்டும். பெரும்பாலானவர்கள் 29, 25-ஐவிடப் பெரியது, அதனால் தொற்றும் என்பார்கள். சரி, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். இப்போது இருவர் இருவராக உட்கார வைத்து, ஒவ்வொரு ஜோடிக்கும் 50 காகிதத் துண்டுகள் கொடுங்கள். 14 துண்டுகளில் 'கொ' என்று எழுதச் சொல்லுங்கள். கொட்டாவி விட்டவர்கள் மொத்தம் 14 பேர்தானே. நன்றாகக் கலைத்து, 34 துண்டுகளை ஒரு குவியலாகவும் 16 துண்டுகளை இன்னொரு குவியலாகவும் பிரிக்க வேண்டும். பெரிய குவியலில் எத்தனை 'கொ' விழுந்தது என்று எண்ணிப் பலகையில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். மறுபடி கலைத்து, மறுபடி பிரித்து, மறுபடி ஒரு புள்ளி.

இந்த விளையாட்டில் யாரும் யாருக்கும் எதையும் தொற்றவைக்கவில்லை. வெறும் காகிதம். ஆனாலும் புள்ளிகள் 9-லும் 10-லும் குவியத் தொடங்கும். 8, 11 ஆகியவையும் அடிக்கடி வரும். சுமார் பாதித் தடவை 10 அல்லது அதற்கு மேல் விழும். அந்தப் புள்ளிக் குவியலைப் பார்க்கும்போது பிள்ளைகளுக்குப் பிடிபடுகிறது: நிகழ்ச்சியில் கிடைத்த 10 என்பது, தொற்றே இல்லாத உலகத்திலும் சர்வ சாதாரணமாகக் கிடைக்கக்கூடிய எண். தற்செயலாலேயே இவ்வளவு வித்தியாசம் வரும் என்றால், அந்த வித்தியாசத்தை வைத்து எதையும் நிறுவ முடியாது.

கல்லூரியில் கருதுகோள் சோதனை என்று சூத்திரத்தோடு பல வாரம் நடத்துவதன் உயிர்நாடி இங்கே ஒரு பீரியடில், ஒரு சூத்திரமும் இல்லாமல் வந்துவிடுகிறது. இன்னொரு முக்கியமான விஷயமும் கூடவே வருகிறது. யாராவது ஒரு பையன் "அப்போ கொட்டாவி தொற்றாதா?" என்று கேட்பான். அந்தக் கேள்வியை அவசரமாகத் தாண்டிவிடக் கூடாது. கொட்டாவி தொற்றும் என்பதற்கு வேறு ஆய்வுகளில் நல்ல சான்று உண்டு. இந்தச் சோதனை அதை நிரூபிக்கவில்லை, அவ்வளவுதான். முடிவு சரியாக இருந்து ஆதாரம் பலவீனமாக இருக்கலாம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. நமக்குப் பிடித்த கருத்துக்கு ஆதரவாக வந்தாலும் மோசமான ஆதாரம் மோசமானதுதான் என்று ஒரு பதினான்கு வயதுப் பிள்ளை ஒப்புக்கொண்டால், பாடத்தில் பாதி முடிந்தது.

இந்த வகையில் ஒரு சிரமமும் உண்டு. எண்களை முழுமையாகச் சொல்லும் பகுதிகள் குறைவு. ஒரே ஒரு தடவை வெடிக்கவைத்துவிட்டு முடிவுக்கு வரும் பகுதிகளே அதிகம். அவற்றையும் வீணாக்க வேண்டாம். "இன்னும் எத்தனை தடவை செய்திருந்தால் நம்புவாய்?" என்று கேட்க அவை உதவும்.

கேம் ஷோ, வினாடி வினா

இவற்றுக்கு ஒரு பெரிய அனுகூலம்: விதிகள் வெளிப்படையாக இருக்கின்றன. அதனால் நிகழ்தகவை நேராகக் கணக்கிடலாம், விளையாடியும் பார்க்கலாம்.

மூன்று கதவுப் புதிர் பலருக்குத் தெரிந்திருக்கும். 1963-இல் தொடங்கிய 'லெட்ஸ் மேக் எ டீல்' நிகழ்ச்சியின் தொகுப்பாளர் மாண்டி ஹால் பெயரிலேயே அது வழங்குகிறது. ஒரு கதவுக்குப் பின்னால் கார், மற்ற இரண்டில் ஆடு. நீங்கள் ஒன்றைத் தேர்ந்தெடுத்ததும், தொகுப்பாளர் மற்ற இரண்டில் ஆடு இருக்கும் ஒன்றைத் திறந்து காட்டி, "மாற்றிக்கொள்கிறீர்களா?" என்பார். மாற்றினால் ஜெயிக்கும் வாய்ப்பு மூன்றில் இரண்டு. 1990-இல் மேரிலின் வாஸ் சவான்ட் தன் பத்திரிகைப் பத்தியில் இந்த விடையை எழுதியபோது, தவறு என்று மறுத்து ஆயிரக்கணக்கான கடிதங்கள் வந்தன. கணிதத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர்களும் எழுதினார்கள். அவர் சொன்னதுதான் சரி.

வகுப்பில் மூன்று சீட்டுகளை வைத்து ஜோடி ஜோடியாக விளையாடவிட்டால் போதும். பத்து நிமிடத்தில் எண்கள் பேசிவிடும். ஆனால் அங்கேயே நிறுத்தினால் அது வெறும் வித்தை. அடுத்த சுற்றில் விதியை மாற்றுங்கள்: தொகுப்பாளருக்கும் கார் எங்கே என்று தெரியாது, குருட்டாம்போக்கில் ஒன்றைத் திறக்கிறார், தற்செயலாக ஆடு வருகிறது. கார் வந்துவிட்ட ஆட்டங்களைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். இப்போது மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் வாய்ப்பு சமம்! கண்ணுக்குத் தெரிந்த காட்சி ஒன்றுதான், அது எந்த வழியாக வந்தது என்பது மாறியதும் விடையும் மாறிவிட்டது. ஒரு தகவல் நம் கைக்கு எப்படி வந்து சேர்ந்தது, யார் எதைத் தெரிந்துகொண்டு நமக்குக் காட்டினார் என்று கேட்கும் பழக்கம் செய்தி பார்க்கும்போதும் வேண்டிய பழக்கம். அதற்காகவே இதை எடுப்பேன்.

கோடீஸ்வர வினாடி வினாவில் 'பார்வையாளர் கருத்து' என்று ஒன்று வரும். அதற்குள் ஓர் அழகான கணக்கு இருக்கிறது. அரங்கில் 100 பேர், நான்கு விடைகள். 20 பேருக்கு மட்டும் சரியான விடை தெரியும். மீதி 80 பேர் சும்மா ஒரு பட்டனை அழுத்துகிறார்கள். அந்த 80 நான்காகப் பிரிந்து விடைக்கு 20 ஆகும். சரியான விடைக்குக் கிடைப்பது 40, மற்றவற்றுக்கு 20, 20, 20. ஐந்தில் நான்கு பேருக்கு ஒன்றும் தெரியாத கூட்டம்கூடச் சரியான விடையைத் தெளிவாகக் காட்டிவிடுகிறது. இப்போது அந்த 80 பேரும் ஒரே தவறான நம்பிக்கையில் இருந்தால்? இல்லை, ரகசியமாக அழுத்தாமல் கையைத் தூக்கிச் சொன்னால், பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து மாற்றிக்கொண்டால்? இரண்டையும் வகுப்பிலேயே செய்து பார்க்கலாம். முதலில் ரகசியச் சீட்டு, பிறகு வேறொரு கேள்விக்குக் கைதூக்கல். எதேச்சையான பிழைகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், ஒரே பக்கம் சாயும் பிழை எத்தனை பேரைச் சேர்த்தாலும் போகாது என்பது தானாகத் தெரியவரும்.

செய்தியும் விளம்பரமும்

பலரும் முதலில் கை வைப்பது இங்கேதான். காரணம் புரிகிறது. பொருள் தினமும் கிடைக்கிறது, வாழ்க்கையோடு நேரடித் தொடர்பு இருக்கிறது. அமெரிக்காவில் டார்ட்மத் கல்லூரியில் லாரி ஸ்நெல் என்ற கணிதப் பேராசிரியர் 1990-களிலேயே நாளிதழ்ச் செய்திகளை வைத்தே ஒரு முழு நிகழ்தகவுப் பாடத்தை நடத்தினார். செய்தியை நான் இரண்டாம் கட்டத்துக்கு ஒதுக்குகிறேன். ஏன் என்பதைச் சொல்வதற்கு முன், அதில் என்ன கிடைக்கும் என்று பார்த்துவிடுவோம்.

முதலில் வரைபடங்கள். 2009-இல் ஓர் அமெரிக்கச் செய்தி சேனல் ஒரு வட்ட வரைபடம் காட்டியது. மூன்று வேட்பாளர்களுக்கு ஆதரவு 70, 63, 60 சதவீதம். கூட்டினால் 193. எட்டாம் வகுப்புப் பிள்ளைகூடச் சிரிக்கும். சிரித்து முடிந்ததும் அடுத்த கேள்வியைக் கேட்க வேண்டும்: இந்த எண்கள் பொய்யாக இருந்தாக வேண்டுமா? இல்லை. ஒருவரே பல வேட்பாளர்களை ஆதரிப்பதாகச் சொல்ல இடம் கொடுத்திருந்தால் கூட்டல் 100-ஐத் தாண்டும். தவறு எண்ணில் இருக்க வேண்டியதில்லை, அதை வட்டத்துக்குள் திணித்ததில் இருக்கிறது. அதே இடத்தில் ஒரு பற்பசை விளம்பரத்தையும் கொண்டுவரலாம். 80 சதவீதத்துக்கு மேற்பட்ட பல் மருத்துவர்கள் தங்கள் பற்பசையைப் பரிந்துரைப்பதாக பிரிட்டனில் ஒரு பெரிய நிறுவனம் விளம்பரம் செய்தது. கருத்துக்கணிப்பில் மருத்துவர்கள் ஒன்றுக்கு மேற்பட்ட பிராண்டுகளைச் சொல்லலாம் என்று இருந்ததால், அந்த வாசகம் மக்களைத் தவறாக எண்ணவைக்கும் என்று அங்குள்ள விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு 2007-இல் தீர்ப்பளித்தது. ஒரே நுணுக்கம், இரண்டு இடங்களில். விளம்பரத்தின் பலம் அதன் நீளம்தான். முப்பது வினாடியில் ஓடி முடிந்துவிடும், மூன்று தடவை போட்டுக் காட்டலாம், திரையின் அடியில் ஓடும் பொடி எழுத்தை நிறுத்திப் படிக்கலாம்.

பிறகு பட்டை வரைபடம். 2012-இல் இன்னொரு அமெரிக்கச் செய்தி வரைபடம், உச்ச வருமான வரி 35 சதவீதத்திலிருந்து 39.6 ஆக உயரப்போவதைக் காட்டியது. அச்சு பூஜ்யத்தில் தொடங்கவில்லை, 34-இல் தொடங்கியது. ஆக ஒரு பட்டையின் உயரம் 1, மற்றதன் உயரம் 5.6. உண்மையான உயர்வு சுமார் 13 சதவீதம்தான். கண்ணுக்குத் தெரிவதோ ஐந்தரை மடங்கு. இதை அப்படியே காட்டிவிட்டு, பூஜ்யத்திலிருந்து தொடங்கி மறுபடி வரையச் சொல்லுங்கள். வரைந்த கை மறக்காது.

மருத்துவச் செய்திகள் இன்னும் கனமானவை. 1995 அக்டோபரில், சில புதுவகைக் கருத்தடை மாத்திரைகள் ரத்தம் உறையும் ஆபத்தை இரண்டு மடங்காக்குகின்றன என்று பிரிட்டனில் எச்சரிக்கை வெளியானது. செய்தி தீப்போலப் பரவியது. பல பெண்கள் மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். ஆய்வு சொன்னது என்ன? 7000 பெண்களில் ஒருவருக்கு இருந்த ஆபத்து, 7000-இல் இருவருக்கு என்று ஆனது. இரண்டு மடங்கு என்பது பொய் இல்லை. ஆனால் 'எதன் இரண்டு மடங்கு' என்று யாரும் சொல்லவில்லை. அடுத்த ஆண்டு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கருக்கலைப்புகள் சுமார் 13,000 கூடுதலாக நடந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். கர்ப்ப காலத்தில் ரத்தம் உறையும் ஆபத்து அந்த மாத்திரையால் வருவதைவிட அதிகம் என்பது இந்த விவகாரத்தின் பெரிய துயரம். வயதுவந்த மாணவர்களுக்கு நான் இதைத்தான் எடுப்பேன். ஒரு சதவீதத்தைக் கேட்டவுடன் அடிப்படை எண் எங்கே என்று தேடும் அனிச்சைச் செயல் வர இதுபோல ஒன்று போதும்.

இவ்வளவு நல்ல சரக்கு இருந்தும் செய்தியை ஏன் பின்னால் தள்ளுகிறேன்? பொதுவாகச் செய்தியை எடுப்பவர்கள் தவறான உதாரணங்களையே தேடி எடுக்கிறார்கள். வாரம் ஒரு பித்தலாட்ட வரைபடம், வாரம் ஒரு பொய்க் கணிப்பு. சில வாரத்தில் பிள்ளைகள் கற்றுக்கொள்வது புள்ளியியல் இல்லை. 'எண் என்றாலே ஏமாற்று' என்ற முடிவைத்தான். அப்படிப்பட்டவர் நல்ல ஆய்வையும் கெட்ட ஆய்வையும் ஒரே தட்டில் வைத்து ஒதுக்கிவிடுவார். தடுப்பூசி பற்றிய நல்ல தரவைக் காட்டினாலும் "இதெல்லாம் எப்படிச் செய்வார்கள் என்று எனக்குத் தெரியாதா" என்பார். எல்லாவற்றையும் நம்புபவரைவிட எதையும் நம்பாதவர் சிந்திக்கிறார் என்று சொல்ல முடியாது. இரண்டு பேருமே எடைபோடும் வேலையைச் செய்யவில்லை.

அதனால் ஒவ்வொரு தவறான உதாரணத்தோடும் சரியான ஒன்றைச் சேர்த்தே வைக்க வேண்டும். 1936 அமெரிக்க அதிபர் தேர்தல் அதற்கு வாகானது. 'லிட்டரரி டைஜஸ்ட்' பத்திரிகை ஒரு கோடிப் பேருக்கு வாக்குச்சீட்டு அனுப்பி, திரும்பி வந்த சுமார் 24 லட்சம் சீட்டுகளை எண்ணி, ரூஸ்வெல்ட்டுக்கு 43 சதவீதம்தான், தோற்பார் என்றது. கருத்துக்கணிப்பு நடத்திய ஜார்ஜ் கேலப் ஏறக்குறைய 50,000 பேரை வைத்து ரூஸ்வெல்ட் ஜெயிப்பார் என்றார். ரூஸ்வெல்ட் ஏறக்குறைய 61 சதவீத வாக்குகளோடு ஜெயித்தார். பத்திரிகையின் பட்டியல் டெலிபோன், கார் வைத்திருப்பவர்கள் பக்கம் சாய்ந்திருந்தது. அதோடு, சீட்டைத் திருப்பி அனுப்பியவர்களும் அனுப்பாதவர்களும் ஒரே மாதிரி இல்லை. சின்ன மாதிரியால் (கேள்வி கேட்கத் தேர்ந்தெடுத்த சிலரால்) பெரிய உண்மையைத் தொட முடியும் என்பதையும், பெரிய மாதிரி படுதோல்வி அடையலாம் என்பதையும் ஒரே கதை காட்டுகிறது. கேலப்பும் ஐந்து புள்ளி போலக் குறைத்தே சொன்னார் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். நல்ல மதிப்பீட்டிலும் பிழை உண்டு என்று அவர்கள் தெரிந்துகொள்ளட்டும்.

விளையாட்டு ஒளிபரப்பு

எண்கள் கொட்டிக் கிடக்கும் இடம். முழுத் தரவும் பொதுவெளியில் கிடைக்கும் இடமும்கூட. என் அளவுகோலின்படி இது நல்ல மதிப்பெண் வாங்குகிறது. டான் பிராட்மேனின் டெஸ்ட் சராசரி 99.94 என்பது எல்லோருக்கும் தெரியும். 6996 ரன், 80 இன்னிங்ஸ். வகுத்தால் 87.45 தானே வருகிறது? 10 இன்னிங்ஸில் அவர் ஆட்டமிழக்கவில்லை, அதனால் 70-ஆல் வகுக்கிறார்கள். எது நியாயம்? ஆட்டமிழக்காத இன்னிங்ஸை எப்படிக் கணக்கில் எடுப்பது? சராசரி என்பது வானத்திலிருந்து விழுந்தது இல்லை, யாரோ ஒரு முடிவெடுத்து வகுத்தது என்று இந்தச் சின்ன விவாதமே புரியவைக்கும்.

வர்ணனையாளர்கள் சொல்லும் எண்கள் இன்னொரு பாடம். "இந்த மைதானத்தில், இரவு ஆட்டத்தில், இரண்டாவதாக ஆடிய அணி கடைசி ஐந்தில் நான்கில் ஜெயித்திருக்கிறது" என்பார்கள். இத்தனை நிபந்தனைகளைப் போட்டுச் சல்லடையாகச் சலித்தால் ஏதோ ஒரு எண் பிரமாதமாகத் தெரியத்தான் செய்யும். நாணயத்தைச் சுண்டிப் பதிவு செய்த ஒரு பட்டியலைக் கொடுத்து, அதிலிருந்து அசத்தலான 'சாதனைகளை' உருவாக்கச் சொன்னால் மாணவர்கள் குஷியாகச் செய்வார்கள்.

விளையாட்டு வழியாகக் கற்றது மனத்தில் நிற்குமா என்பதற்கு ஆய்வே இருக்கிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஃபாங், கிரான்ட்ஸ், நிஸ்பெட் மூவரும் 1986-இல் வெளியிட்டது. புள்ளியியல் அறிமுகப் பாடம் படிக்கும் மாணவர்களுக்கு வீட்டுக்கு போன் போட்டு, விளையாட்டு பற்றிய கருத்துக்கணிப்பு என்று மட்டும் சொல்லிக் கேள்வி கேட்டார்கள். முதல் வருடம் அமர்க்களமாக ஆடிய வீரர் இரண்டாம் வருடம் ஏன் சோபிப்பதில்லை என்பதுபோன்ற கேள்விகள். பாடத்தின் தொடக்கத்தில் போன் வந்தவர்களைவிட, முடிவில் போன் வந்தவர்களின் பதில்களில் தற்செயல், சராசரி நோக்கித் திரும்புதல் (அமர்க்களமான ஒன்றுக்கு அடுத்தது வழக்கமான அளவுக்கு அருகில் வருவது) போன்ற விளக்கங்கள் கூடுதலாக வந்தன. வகுப்பில் படித்தது வகுப்புக்கு வெளியேயும் வேலை செய்தது. ஆனால் 1991-இல் ஃபாங்கும் நிஸ்பெட்டும் செய்த இன்னோர் ஆய்வில் ஓர் எச்சரிக்கையும் கிடைத்தது. விளையாட்டு உதாரணங்களை வைத்துப் பயின்றவர்களை உடனே சோதித்தால் வேறு துறைக் கேள்விகளையும் சமமாகவே சமாளித்தார்கள். இரண்டு வாரம் கழித்துச் சோதித்தபோது, தாங்கள் பயின்ற துறையில்தான் அதிகம் பிரகாசித்தார்கள். மற்றதில் சற்றுத் தேய்ந்திருந்தது. தேய்ந்தாலும், பயிற்சியே இல்லாதவர்களைவிட மேல்தான்.

எவ்வளவு பிடித்த வகையாக இருந்தாலும் ஒன்றையே பிடித்துக்கொண்டு பருவம் முழுக்க ஓட்டக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். விளையாட்டில் ஆர்வமே இல்லாத பிள்ளைகள் பாதி வகுப்பில் இருப்பார்கள் என்பதும் உண்டு. விதிகளை விளக்கவே நேரம் போய்விடும்.

துப்பறியும் தொடர்கள், ஆவணப்படங்கள்

இந்த இரண்டையும் வேகமாகக் கடந்துவிடலாம்.

கணித மேதை ஒருவர் குற்றங்களைத் துப்பறியும் 'நம்பர்ஸ்' தொடர் 2005 முதல் 2010 வரை ஓடியது. கால்குலேட்டர் நிறுவனம் ஒன்றும் கணித ஆசிரியர் அமைப்பும் சேர்ந்து அதற்கு வகுப்பறைப் பயிற்சிகள்கூடத் தயாரித்தன. ஆர்வமூட்ட நல்லது. ஆனால் தொடரில் வரும் தரவு கதாசிரியர் எழுதியது. கணக்குப் போட்டால் குற்றவாளி அகப்பட்டே தீருவார், ஏனென்றால் நாற்பது நிமிடத்தில் கதை முடிந்தாக வேண்டும். பிழைக்கும் சந்தேகத்துக்கும் அங்கே இடமே இல்லை, புள்ளியியலோ அவற்றைப் பற்றியது. அந்த நேரத்தில் நிஜ வழக்கு ஒன்றை எடுக்கலாம். 1999-இல் இங்கிலாந்தில் ஒரு தாய், தன் இரண்டு கைக்குழந்தைகளைக் கொன்றதாகத் தண்டிக்கப்பட்டார். ஒரு குடும்பத்தில் இரண்டு குழந்தைகள் இயற்கையாக இப்படித் திடீரென இறக்கும் வாய்ப்பு 7 கோடியே 30 லட்சத்தில் ஒன்று என்று ஒரு மருத்துவ நிபுணர் சாட்சி சொன்னார். 8543-ஐ 8543-ஆல் பெருக்கி வந்த எண் அது. ஒரே குடும்பத்தில் நடக்கும் இரண்டு மரணங்களை ஒன்றோடொன்று சம்பந்தமில்லாதவை என்று வைத்துக்கொண்டு பெருக்கியது முதல் பிழை. அந்த எண்ணையே அந்தத் தாய் நிரபராதியாக இருக்கும் வாய்ப்பாக எடுத்துக்கொள்ள வைத்தது அதைவிடப் பெரிய பிழை. அரச புள்ளியியல் கழகம் 2001-இல் இதைக் கண்டித்து அறிக்கை விட்டது. 2003-இல் அந்தத் தாய் விடுதலையானார். பதினாறு வயதுக்குக் கீழே இருப்பவர்களிடம் இதைக் கொண்டுபோக வேண்டாம். பெரியவர்களிடம் எந்தத் துப்பறியும் தொடரும் இதன் பக்கத்தில் நிற்காது.

ஆவணப்படங்களில் தரமானவை உண்டு. 1989-இல் வந்த 26 பகுதிப் பாடத்தொடர் 'அகெயின்ஸ்ட் ஆல் ஆட்ஸ்' முறையான பாடமாகவே எடுக்கப்பட்டது. 2010-இல் பிபிசியில் வந்த 'தி ஜாய் ஆஃப் ஸ்டாட்ஸ்' நிகழ்ச்சியில் ஹான்ஸ் ரோஸ்லிங் 200 நாடுகளின் 200 ஆண்டு வரலாற்றை, வருமானமும் ஆயுளும் சேர்ந்து உயர்வதை, நான்கே நிமிடத்தில் நகரும் குமிழ்களாகக் காட்டுவார். அவ்வளவு அழகு. ஆனால் அழகாக விளக்கிமுடித்த ஒன்றில் மாணவருக்குச் செய்ய வேலை மிச்சமில்லை. பார்த்தவர் 'புரிந்துவிட்டது' என்ற திருப்தியோடு எழுவார், கேள்வி கேட்டால் திணறுவார். இதைக் காட்டுவதானால் ஒலியை நிறுத்திவிட்டுக் காட்டுங்கள். குமிழ்களுக்கு வர்ணனை மாணவர்கள் சொல்லட்டும். எங்கே திடீரென்று விழுந்தது, அந்த வருடம் என்ன நடந்தது என்று அவர்களே தேடட்டும். கடைசியில் ஒலியோடு போட்டால் போதும்.

அப்போது எதை எடுப்பது?

கையில் ஒரே ஒரு பீரியட்தான் என்றால் யோசிக்கவே வேண்டாம், கொட்டாவிச் சோதனையும் காகிதத் துண்டுகளும். ஒரு பருவம் முழுக்கக் கிடைத்தால், கேம் ஷோவில் தொடங்கிச் சோதனை நிகழ்ச்சிக்குப் போவேன். தற்செயல் எப்படி நடந்துகொள்ளும் என்று கை பழகிய பிறகு விளம்பரம், அதன்பின் செய்தி. நடுவில் விளையாட்டு. ஆவணப்படம் கடைசி வாரம். இந்த வரிசை முக்கியம். தற்செயலோடு பழகாத பிள்ளையிடம் செய்தியைக் கொடுத்தால், பொய்யைப் பிடிக்கும் போலீஸ்காரராகிவிடும். பழகிய பிள்ளை, "இந்த வித்தியாசம் சும்மாவே வந்திருக்குமா?" என்று கேட்கும்.

பத்து வயதை ஒட்டிய சின்னப் பிள்ளைகளுக்கு இவை எதுவும் வேண்டாம். டிவியில் வரும் வானிலை அறிக்கை போதும். '70 சதவீதம் மழை வாய்ப்பு' என்று சொன்ன நாட்களைச் சில மாதம் ஒரு நோட்டில் குறித்துவரச் சொல்லுங்கள். அவற்றில் பத்துக்கு ஏழு நாள் போல மழை பெய்ததா என்று பார்ப்பதே அவர்கள் ஆய்வு. பெய்யாத மூன்று நாளுக்காக வானிலைக்காரரைத் திட்டக் கூடாது என்பது, எல்லா நாளும் பெய்திருந்தால்தான் அவர் கணிப்பில் கோளாறு என்பது, பெரியவர்களில் பலருக்கே வியப்பாக இருக்கும். வீட்டில் பெற்றோரும் இதைச் செய்யலாம்.

எந்த வகையை எடுத்தாலும் காட்சி மூன்று நான்கு நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். முடிவைச் சொல்லும் இடத்துக்கு முன்னால் நிறுத்தும் வேலையை மட்டும் மறக்கக் கூடாது. எண் வந்துவிட்டது, தீர்ப்பு வரவில்லை. அந்த இடைவெளியில்தான் மாணவர்கள் யோசிக்கிறார்கள். அதைத் தாண்டி ஓடவிட்டால் தொகுப்பாளர் சொன்னதையே வேறு வார்த்தையில் எழுதித் தருவார்கள். அதனால் ஆசிரியர் முதல் நாளே பார்த்து, நிறுத்த வேண்டிய வினாடியைக் குறித்துவைத்துக்கொள்வது நல்லது. வீடியோ ஓடாத வகுப்பறை என்றால் திரையைப் படம் பிடித்து அதை அச்செடுத்துக் கொடுத்தாலும் பாதகமில்லை. வரைபடங்களுக்கு அது இன்னும் வசதி.

தேர்வையும் இதற்கேற்ப வைக்க வேண்டும். வகுப்பில் தொடாத வகையிலிருந்து ஒரு காட்சியைப் போட்டு, "இந்த முடிவை நம்புவதற்கு முன் உனக்கு வேண்டிய ஒரே ஓர் எண் எது? அது எவ்வளவாக இருந்தால் நம்புவாய், எவ்வளவாக இருந்தால் நம்ப மாட்டாய்?" என்று கேட்கலாம். மூன்று வரியில் பதில் எழுதச் சொல்லி, கேட்ட எண் பொருத்தமானதா என்பதற்கும், இரண்டு பக்கமும் யோசித்தாரா என்பதற்கும் தனித்தனியே மதிப்பெண் போடுங்கள். 'நம்ப மாட்டேன்' என்று மட்டும் எழுதிய தாளுக்குப் பாதி மதிப்பெண்கூட வேண்டாம்.